போதகர் பூசாரி காலைப் பிடித்த வெள்ளிக்கிழமை

1. கைப்பிரதி

கண் தெரியாதவர்களிடம் படிக்கச் சொல்லிக் காகிதம் கொடுத்த உபதேசியார் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். அறுபதுகளின் கடைசி. பொன்னேரிக்கும் ஆரம்பாக்கத்துக்கும் நடுவே ஒரு கிராமத்தில், எங்கள் சபையின் ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் கண் முகாம். மெட்ராசிலிருந்து டாக்டர் வந்து இலவசமாகக் கண்புரை ஆபரேஷன் செய்வார். வாசலில் நின்று, வேத வசனம் அச்சடித்த கைப்பிரதி கொடுப்பது என் வேலை. நானும் மும்முரமாகக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு கிழவி அதை வாங்கித் தடவிப் பார்த்தாள், முகர்ந்தும் பார்த்தாள். "இன்னா நைனா இது, பொட்டலம் காலியா கீது?" என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மிச்சக் கட்டை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் கையைப் பிடித்து டாக்டரிடம் அழைத்துப் போனேன்.

முகாமுக்கு ஒரு ஈ காக்கை வராது என்றுதான் முதலில் எல்லோரும் சொன்னார்கள். படுக்கப் போட்டு ஞானஸ்நானம் கொடுத்துவிடுவார்கள் என்று ஊரில் பேச்சு. அதை உடைத்தவர் கங்கையம்மன் கோயில் பூசாரி முனுசாமி. ஒரு நாள் சாலையில் என் சைக்கிள் மணிச் சத்தத்தை வைத்தே என்னை நிறுத்தினார்.

"உபதேசியாரே, போன வெள்ளிக்கெயம ஆத்தாளோட வெள்ளிக் கண்ண கன்னத்துல ஒட்டிட்டேன். ஊரே பாத்துச்சி. இன்னொரு தபா அப்பிடி ஆச்சின்னா வேற ஆளு வெச்சிடுவாங்க. அப்பறம் சோத்துக்கு இன்னா பண்றது? உங்க டாக்டரு நெசமாவே கண்ணு குடுப்பாரா?"

"குடுப்பாரு. ஆனா எட்டு நாள் ஆடாம அசையாம படுத்துக் கெடக்கணும்."

"படுத்துக்கினு கீறது ஒரு வேலையா? என் மச்சான் முப்பது வருசமா அத்தத்தான் செய்றான்."

அவர் பெயர் கொடுத்தார். அவரை நம்பிப் பன்னிரண்டு பேர் கொடுத்தார்கள்.

எங்கள் போதகர் கண்டிப்பானவர். போதகரை நாங்கள் ஐயர் என்றுதான் கூப்பிடுவோம், ஊராரும் அப்படியே. பட்டியலில் பூசாரி பெயரைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார். "நாம இவருக்குக் கண் கொடுப்போம். இவர் போய் அந்தச் சிலைக்குக் கண் வைப்பார். அப்படித்தானே?" என்றார்.

"ஆமாங்கையா" என்றேன். வேறு என்ன சொல்ல? கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு பெயரை அடிக்காமலே பட்டியலைத் திருப்பிக் கொடுத்தார்.

2. மணல் பை

இப்போது காலையில் ஆபரேஷன் செய்துகொண்டு சாயங்காலம் டீக்கடைக்குப் போகிறார்கள். அப்போது அப்படியில்லை. இரண்டு கண்ணுக்கும் கட்டு, தலைக்கு இரண்டு பக்கமும் மணல் பை. திரும்பக் கூடாது, இருமக் கூடாது, தும்மக் கூடாது, சிரிக்கவும் கூடாது. தையல் பிரிந்தால் கண் போச்சு. மெட்ராசிலிருந்து வந்த நர்ஸ் சிஸ்டர் இதைச் சொல்லிவிட்டு, "ஒரு தும்மல் கேட்டாலும் நீங்கதான் பொறுப்பு" என்று என்னைக் காட்டினார்.

பதின்மூன்று கிழடுகளைச் சிரிக்காமல் படுக்க வைப்பது என்ன வேலை என்று செய்து பார்த்தவனுக்குத்தான் தெரியும். பொட்டலம் கேட்ட கிழவி தலையணைக்கடியில் மூக்குப்பொடி டப்பா வைத்திருந்தாள். பிடுங்கினேன். "உன் ஊட்டுல எயவு விய" என்று வாழ்த்தினாள். பூசாரி, "ஆயா, திட்டாத. நம்மளுக்கு மூத்தரச் சட்டி வெச்சி எடுக்கறதே அந்தாளுதான், பேஜாராப் பூடும்" என்றார். வரிசை முழுக்க வயிறு குலுங்க ஆரம்பித்தது. சிஸ்டர் வந்து ஒரு அதட்டல் போட்டார், எனக்குத்தான்.

3. பம்பை

மூன்றாம் நாள் தை வெள்ளி. யாரோ வேண்டுதலுக்காகக் கரகம் எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துச் சாலையில் வந்தார்கள். முன்னால் ஊர்ப் பம்பைக்காரன் கன்னியப்பன் அடித்துக்கொண்டு வந்தான். பம்பைச் சத்தம் கேட்டால் பூசாரி மேல் அம்மன் இறங்கும் என்பது ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும். மூக்குப்பொடியைத் தேடத் தெரிந்த மண்டைக்கு இது மட்டும் தோன்றவில்லை.

முதலில் பூசாரியின் கால் கட்டைவிரல் ஆடியது. பிறகு முழங்கால். பிறகு உடம்பே தூக்கிப்போட்டது. "தலையப் பிடிங்க, தையல் பிரிஞ்சிடும்" என்று சிஸ்டர் கத்தினார். பாய்ந்து போய் இரண்டு உள்ளங்கையாலும் தலையை அமுக்கிப் பிடித்தேன். பக்கத்தில் நின்று ஜெபம் சொல்லிக்கொண்டிருந்த ஐயர், வெள்ளை அங்கியோடு குப்புற விழுந்து இரண்டு காலையும் கட்டிக்கொண்டார்.

"யாருடா என்னப் புடிச்சிக்கினு கீறது? என்னக் கூப்புடறாங்க, நான் போவணும்." குரல் பூசாரியுடையது இல்லை.

அப்படி ஒரு தாயே கிடையாது என்று ஐந்து வருஷமாக அந்த ஊர்த் தெருவில் நின்று பிரசங்கம் பண்ணியவன் நான். ஐயரும் அங்கேயே கிடக்கிறார். ஆனால் என் கைக்குள் ஒரு மனுஷனுடைய கண் இருந்தது. பயத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன்: "தாயே, தாராளமா போய் வா. கைய எடுத்துக்கோ, கால எடுத்துக்கோ. தலைய மட்டும் என்கிட்ட வுட்டுட்டுப் போ."

"கால எங்கய்யா எடுத்துக்கச் சொல்ற? நான் புடிச்சிருக்கேன்" என்றார் ஐயர் கீழேயிருந்து.

அந்த நேரம் பார்த்துக் கன்னியப்பன் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தான். அங்கி போட்ட ஐயர் அம்மன் வந்த காலில் முகம் வைத்துக் கிடக்கிறார். அவன் கை அப்படியே நின்றுவிட்டது. "அடேய், ஐயரே ஆத்தா கால்ல வியுந்துட்டாருடா" என்றான். ஊர்வலம் முழுக்கக் கைகூப்பி நின்றது. பம்பை நின்றதும் பூசாரியின் உடம்பு மெல்ல அடங்கியது. கொஞ்ச நேரம் கழித்து அவருடைய சொந்தக் குரலே வந்தது. "உபதேசியாரே, கைய எடு. காது வலிக்கிது."

4. விளக்கம்

எட்டாம் நாள் கட்டு அவிழ்த்தார்கள். எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கமில்லை. டாக்டர் விரலைக் காட்டி எத்தனை என்றார். "மூணு" என்றார் பூசாரி. பிறகு என் பக்கம் பார்த்து, "நீதானா உபதேசி? தொண்டைக்கு ஏத்த ஒடம்பு இருக்கும்னு நெனச்சேன்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது, அதோடு சிரிப்பும்.

அடுத்து ஐயரைத் தேடிப் போய், "என் கால புடிச்ச மகராசா" என்று காலில் விழக் குனிந்தார். ஐயர் துள்ளிப் பின்வாங்கினார். "குனியக் கூடாதுய்யா, தையல் இருக்கு" என்றார்.

ஆனால் சேதி மெட்ராசுக்குப் போய்விட்டது. அம்மன் காலில் விழுந்ததற்கு விளக்கம் எழுதும்படி சபை ஆபீசிலிருந்து ஐயருக்குக் கடிதம் வந்தது. அங்கியைக் கழற்றச் சொல்லிவிடுவார்களோ என்று எனக்குப் பயம். "ஐயா, கால் வழுக்கி விழுந்தேன்னு எழுதிடலாம்" என்றேன். அவர் பார்த்த பார்வையில் நானே பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்:

"காலைப் பிடித்தது உண்மை. கண்ணுக்காகப் பிடித்தேன், கண் பிழைத்தது. அடுத்த முகாமுக்குப் பிடிக்க இன்னும் இரண்டு பேரை அனுப்பவும்."

பதில் ஒரு மாதம் கழித்து வந்தது. விளக்கத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. இரண்டு பேர் மட்டும் பெட்டி படுக்கையோடு ரயிலிலிருந்து இறங்கினார்கள்.

ஊழியத்துக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: போகும்போது ஆள் கூட்டிக்கொண்டு போங்கள். அயலானைத் தாங்கிப் பிடிப்பது ஒற்றை ஆள் வேலை இல்லை.