அத்தை சித்தூர் கோர்ட்டுக்குப் போன நாள்

அத்தை கார் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தது அப்பாவுக்குத் தெரியும். ஆனால் தெரியாதவர்போல இருந்தார். ஒரே தங்கை, தை மாதத்தில் பொள்ளாச்சிக்காரருக்குக் கொடுப்பதாக நிச்சயமாகியிருந்தது. போகிற இடத்தில் இந்த விளையாட்டெல்லாம் நடக்காது என்று விட்டுவைத்திருந்தார். மீனாட்சிபுரத்துக்கு மேற்கே, எங்கள் தோட்டத்தை ஒட்டிய மண்சாலையில் காலை நேரத்தில் ஆள் நடமாட்டம் குறைவு. எங்கள் டிரைவர், பாலக்காட்டு ராவுத்தர், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பார். பின் சீட்டில் நான். எனக்கு எட்டு வயது. கூட்டிப் போகாவிட்டால் ஊர் முழுக்கச் சொல்லிவிடுவேன் என்று மிரட்டி வாங்கிய இடம் அது.

ஒருநாள் காலை ஒரு பால்காரர் சைக்கிளில் வரப்புத் தடத்திலிருந்து சாலைக்குத் திரும்பினார். ராவுத்தர் "பிரேக்கு, பிரேக்கு" என்று சொன்னது எனக்கே கேட்டது. அத்தையின் கால் வேறு எதையோ மிதித்தது. கார் சைக்கிளின் பின்சக்கரத்தில் இடிக்க, அவர் வாய்க்கால் மேட்டில் போய் விழுந்தார். பால் புழுதியில் ஓடியது. அவருடைய ஒரு கால் திரும்பக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

அத்தை ஸ்டியரிங்கை விடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"எறங்குங்கம்மா. பின்னால பாப்பாகூடப் போய் உக்காருங்க. கத்துக்குடுத்தது நானு, நான் பாத்துக்கறேன்" என்றார் ராவுத்தர்.

தோட்டத்து ஆட்கள் ஓடி வந்தபோது நாங்கள் இருவரும் பின் சீட்டில் இருந்தோம். ராவுத்தர் பால்காரரைத் தூக்கிக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து இடித்ததால் ஓட்டியது யாரென்று பால்காரருக்கும் தெரியாது.

மறுநாள் எங்கள் வீட்டுக்குப் பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூரிலிருந்து வக்கீல் வந்தார். லைசென்ஸ் இருப்பவர் ஓட்டியிருந்தால் நஷ்டத்தை இன்சூரன்ஸ்காரர்கள் கொடுத்துவிடுவார்கள். லைசென்ஸ் இல்லாத பெண் ஓட்டியது என்று தெரிந்தால் அத்தனையும் வண்டிச் சொந்தக்காரர் தலையில்தான் விழும். அந்தப் பெண்ணும் கோர்ட்டில் நிற்க வேண்டிவரும். டிரைவரே ஒப்புக்கொண்ட பிறகு நமக்கு எதற்கு வேறு பேச்சு என்றார். ராவுத்தருக்கு லைசென்ஸ் போகலாம், ஜெயிலும் கிடைக்கலாம் என்பதைக் கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்.

அப்பா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, "ஆரு கேட்டாலும் ராவுத்தருதான் ஓட்டுனாருன்னு சொல்லோணும், கண்ணு" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பெரியவர்களின் காரியம் ஒன்று என்னை நம்பி நிற்கிறது. கண்ணாடி முன்னால் நின்று சொல்லிச் சொல்லிப் பழகினேன்.

எங்கள் பக்கம் கேரளத்தோடு சேர்ந்த புதிது. விசாரிக்க வீட்டுக்கு வந்த இன்ஸ்பெக்டர் மலையாளி. என்னை அருகே அழைத்து, "மோளே, ஆரா வண்டி ஓடிச்சது?" என்று கேட்டார்.

"ராவுத்தருங்க" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அது மிகவும் சின்னதாக இருப்பதுபோல் தோன்றியது. "வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவீட்டே ஓட்டுனாருங்க. ரோட்டையே பாக்கலீங்க" என்று சேர்த்தேன்.

அப்பா சட்டென்று என்னைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டே, "சரியா?" என்று ராவுத்தரைக் கேட்டார். அவர் தரையைப் பார்த்தபடி, "பாப்பா சொன்னா சரிதானுங்க" என்றார். கதவோரம் நின்றிருந்த அத்தை உள்ளே போய்விட்டாள்.

விசாரணைக்கு அப்பா என்னையும் கூட்டிப் போனார். புதுப் பாவாடை கட்டிக்கொண்டு, என்னை எப்போது கூப்பிடுவார்கள் என்று பெஞ்சில் காத்திருந்தேன். ராவுத்தர் பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் வாய் திறக்குமுன் வாசல் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

"அவரில்லீங்க. வண்டிய ஓட்டுனது நானுங்க."

யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி வந்திருந்தாள் அத்தை. அப்பா பாதி எழுந்து, அப்படியே உட்கார்ந்தார். மாஜிஸ்திரேட் எதிரிலிருந்த காகிதங்களில் என் வாக்குமூலத்தைப் புரட்டினார்.

"அப்போ இந்தக் கொச்சு கொடுத்த மொழி?"

"அவ சின்னப்புள்ளைங்க. நாங்க சொல்லிக்குடுத்தோமுங்க."

கோர்ட்டே திரும்பி என்னைப் பார்த்தது.

வழக்கு அத்தையின் பேருக்கு மாறியது. அவளுக்கு அபராதம் போட்டார்கள். ஓட்டத் தெரியாதவளிடம் வண்டியைக் கொடுத்ததற்காக ராவுத்தருக்கும் போட்டார்கள்; லைசென்ஸ் தப்பியது. இன்சூரன்ஸ்காரர்கள் கைவிரித்ததால் பால்காரரின் வைத்தியத்துக்கும் குடும்பத்துக்கும் கொடுக்க அப்பா காரையே விற்றார். ராவுத்தர் பாலக்காட்டுக்குப் போய் பஸ் ஓட்டினார். கோர்ட்டுப் படி ஏறின பெண் வேண்டாமென்று பொள்ளாச்சியிலிருந்து சொல்லியனுப்பினார்கள். அப்பா அத்தையோடு பேசவில்லை.

நானும் பேசவில்லை. கார் போனதற்காகவோ கல்யாணம் நின்றதற்காகவோ அல்ல. அவ்வளவு பழகிச் சொன்னதை நாலு பேர் நடுவில் பொய்யாக்கிவிட்டாளே என்ற கோபம். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அத்தை என்னைப் பிடித்து, தலை பின்ன உட்காரவைத்தாள்.

"உம்மேல தப்பில்ல, அம்மணி. நீ அவ்வளவு நல்லாச் சொன்னே. அதக் கேட்டதுக்கப்பறம் என்னால சும்மா இருக்க முடியல."

நன்றாகச் சொன்னேன் என்று அவள் வாயாலேயே வந்துவிட்டது. எனக்கு அது போதுமாயிருந்தது. கோபத்தை விட்டேன். பள்ளிக்கூடத்துக்குப் போனதும் முதல் வேலையாக அத்தை என்னைப் பாராட்டியதைத் தோழிகளிடம் சொன்னேன்.