மருந்து பாட்டிலில் வந்த தேங்காய் எண்ணெய்

குழந்தைகள் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிற வேலை என்றால், குழந்தைகளைவிடக் கூட வருகிற பெரியவர்களைச் சமாளிக்கிற வேலை. துடியலூரில் ஒரு கிளினிக்கில் பல வருஷமாக நாற்காலியைத் தேய்க்கிறேன். இதே நாற்காலியில் அவதிப்படுகிற என் இனத்தாரே, உங்களுக்குச் சொல்லவா வேண்டும்?

கைராசி

கருமத்தம்பட்டியிலிருந்து சுமதி தன் மூன்று வயசு மகன் கவினைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பையனுக்குக் காதில் சீழ், நெஞ்சு நிறையச் சளி, காய்ச்சல். கூடவே தறி ஓட்டுகிற மாமனார். அவர்கள் காட்டாத டாக்டர் இல்லை. காய்ச்சல் திரும்பி வந்தால் டாக்டருக்குக் கைராசி இல்லை என்று ஆளை மாற்றுவதுதான் நம் பக்கத்து வழக்கமாயிற்றே. பாவம், ஒவ்வொரு டாக்டரும் இதுதான் முதல் தடவை என்று நினைத்து மருந்து எழுதியிருப்பார்கள்.

பழைய சீட்டெல்லாம் எங்கே என்று கேட்டேன். மாமனார் சொன்னார்: "ராசியில்லாத சீட்டை ஊட்ல வெச்சிருக்கலாமுங்களா? அப்பப்பவே கிழிச்சுப்போட்டனுங்க."

வெறுங்கை

சுமதிக்கு உடுமலைப்பேட்டையில் பிறந்த வீடு, தென்னந்தோப்பு. யாரையும் வெறுங்கையோடு பார்க்கப் போகாத குடும்பம். டாக்டரம்மா, நர்ஸ், நான், வாட்ச்மேன் என்று ஆளுக்கொரு சின்ன பாட்டிலில் செக்கு எண்ணெய்.

யாரிடமும் எதுவும் வாங்காத டாக்டரம்மா, தன் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் எங்கள் பாட்டில்களையும் வாங்கி மேஜையில் வரிசையாக வைத்தார். இந்த அம்மாவுக்கு இவ்வளவு ஆசையா என்று எனக்கு வயிறெரிந்தது. பார்த்தால், அத்தனையும் ஆன்டிபயாடிக் சிரப் பாட்டில்கள், லேபிள்கூட உரிக்கவில்லை. "இவ்வளவும் இந்த ஒரு பையன் குடிச்சதா?" என்றார். சுமதி கூச்சத்தோடு சொன்னாள்: "ஆமாங்க டாக்டர். ஆனா சோப்புப் போட்டு நல்லாக் கழுவிப்போட்டுத்தானுங்க எண்ணெய் ஊத்துனேன். ஊட்ல இன்னும் கெடக்குதுங்க."

சக்தி

சளி எல்லாக் குழந்தைக்கும்தான் பிடிக்கும். ஆனால் காதில் சீழும் நிமோனியாவும் இப்படி மாறி மாறி வந்தால், உடம்பில் நோய் எதிர்ப்புச் சக்தியே குறைவாக இருக்கலாம் என்று டாக்டரம்மா விளக்கினார். இப்படியே விட்டால் நுரையீரல் கெட்டுவிடும், உயிருக்கே ஆபத்து என்றார். சுமதி கவினை இறுகக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. எண்ணெய்க்கு ஆசைப்பட்டவள்தான் என்றாலும் நானும் ஒரு தாய்.

மாமனாருக்கு மட்டும் ரோஷம் வந்துவிட்டது. ரத்தம் எடுக்க வந்த நர்ஸை மறித்துச் சொன்னார்: "இவன் பொறந்ததுலேர்ந்து எங்க ஊட்டு எருமைப்பாலுதானுங்க குடிக்கறான். சக்தி கம்மின்னா எருமைக்குத்தானுங்களே டெஸ்ட் எடுக்கோணும்?"

தூக்குப்போசி

டெஸ்டில் டாக்டரம்மா சந்தேகப்பட்டதுதான் உறுதியானது. பிறவியிலேயே வந்த குறை. அதன்பின் மாசாமாசம் கோயமுத்தூரில் பெரிய ஆஸ்பத்திரியில், உடம்பில் இல்லாத எதிர்ப்புச் சத்தை டிரிப்பாக ஏற்றுகிறார்கள்.

போன வாரம் கவினைக் காட்டிப் போக வந்தார்கள். கன்னம் உப்பியிருந்தது. என் டோக்கன்களையெல்லாம் கலைத்துப் போட்டான். திட்ட மனசு வரவில்லை. சுமதி தூக்குப்போசி நிறைய எண்ணெய் கொண்டுவந்து, நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள் என்றாள். "பாட்டில் என்னாச்சு அம்மணி?" என்றேன். அவள் சிரித்தாள். "இப்பெல்லாம் ஊட்ல காலி பாட்டிலே சேரமாட்டேங்குதுங்க்கா."

எங்கள் டாக்டரம்மாவுக்குத்தான் கைராசி என்று மாமனார் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார். சீட்டைப் போல அந்த லேபிள்களையும் அவர் கிழித்துப்போடாமல் விட்டதுதான் ராசி என்று நான் சொல்லப் போனால், அடுத்த போசி எண்ணெய் எனக்கு வராது.