கைப்பைக்குள் மடித்து வைத்த ரிப்போர்ட்

ஒரு ஜோசியர் சொன்னதை அடுத்த ஜோசியரிடம் சொல்லக்கூடாது, சொன்னால் அதையேதான் அவரும் திருப்பிச் சொல்வார் என்பது எங்கள் வீட்டுப் பழக்கம். அதே புத்தியோடுதான் நான் மருத்துவமனைக்கும் போனேன்.

என் ஆறு வயது மகள் பள்ளியில் சறுக்குமரத்திலிருந்து விழுந்து தலையில் அடிபட்டாள். மலேசியாவில், எங்கள் ஊரான சுங்கைப் பட்டாணியில் ஒரு மருத்துவமனையில் சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்றார்கள். எனக்கு மனம் ஆறவில்லை. நான்கு நாள் கழித்து அவள் தலை வலிக்கிறது என்றதும், வேறொரு மருத்துவமனைக்கு ஓடினேன்.

"இதுக்கு முன்ன ஸ்கேன் எடுத்திருக்கீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்லீங்க டாக்டர்" என்றேன். பழைய ரிப்போர்ட் என் கைப்பைக்குள் இருந்தது.

ஸ்கேன் முடிந்து வெளியே வந்தவள், படம் எடுத்த பெண்ணிடம் பெருமையாகச் சொன்னாள். "போன தடவ அழுதேன்க்கா. இன்னைக்கு ஆடவே இல்ல, பாத்தீங்களா?"

அந்தப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ரிப்போர்ட்டை எடுத்து நீட்டினேன்.

"இத மொதல்லயே காட்டியிருந்தா, டாக்டர் இன்னொன்னு வேணாம்னு சொல்லியிருக்கலாம் லா, அக்கா. சின்னப் பிள்ளைங்களுக்குத் தேவையில்லாம கதிர்வீச்சு படக்கூடாதுன்னுதானே கேக்குறோம்." அவர் குரலை உயர்த்தவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

இரண்டாவது படத்திலும் ஒன்றுமில்லை.

காரில் ஏறியதும் மகள் கேட்டாள். "நான் ஆடாமத்தானே இருந்தேன், அம்மா?"

"ஆமாம்மா" என்றேன். அன்றைக்கு நான் சொன்ன உண்மை அது ஒன்றுதான்.