அக்காவின் பழைய நிறம்

காலையில் எங்கள் தெருச் சாக்கடையோரம் பிளீச்சிங் பவுடர் தூவிவிட்டுப் போனார்கள். அந்த நெடி மூக்கில் ஏறியதும் அக்காவின் கன்னம்தான் கண்ணில் நின்றது.

நீலகிரியின் பைக்காரா அருவியிலிருந்து மின்சாரம் வந்து கோயமுத்தூரில் மில்லுகள் பெருகிய காலம். எனக்கு எட்டு வயது. மில்லில் துணி வெளுக்கும் வேலை பார்த்த அப்பா, கிணற்றில் போட அந்தத் தூளைக் கொஞ்சம் கொண்டுவந்து வைத்திருந்தார். அந்த வாரம்தான் மேட்டுப்பாளையத்திலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள், "பொண்ணு கருப்புங்க" என்று எழுந்து போயிருந்தார்கள். அக்கா தூளைத் தயிரில் குழைத்துக் கன்னத்தில் பூசினாள்.

"ஏனுங்க்கா, எரியலீங்களா?"

"எரிஞ்சா எரியட்டும் அம்மணி. பழுப்பாப் போற காடாத் துணியே வெள்ளையா வருது, நான் வரமாட்டனா?"

கொப்புளம் வெடித்துத் தோல் உரிந்தது. ஆறியபோது இரண்டு கன்னத்திலும் வெள்ளைத் திட்டுகள். அடுத்து வந்தவர்கள் வெண்குஷ்டம் என்று நினைத்து, தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பினார்கள். பிறகு யாரும் வரவில்லை.

அதிலிருந்து தினமும் அக்கா விளக்குக்கரியை எண்ணெயில் குழைத்துத் திட்டுகளில் பூசிக்கொண்டு என்னிடம் முகத்தை நீட்டுவாள்.

"பழைய நெறம் வந்துருச்சா கண்ணு?"

"வந்துருச்சுங்க்கா."

அவள் சாகும்வரை அந்தப் பொய்யைச் சொன்னேன். இன்று ஜன்னலைச் சாத்திவிட்டேன். நெடி உள்ளேயே நிற்கிறது.