எழிலரசன் குரலில் இருந்த மூன்று கேசட்

எழிலரசன் ஆரணியில் ஒரு ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறார். ஆடி மாதமும் கல்யாண மாதங்களும் வந்தால் தோளில் பம்பை ஏறிவிடும். பம்பை அடித்து, வர்ணித்துப் பாடி, சாமி வரவழைக்கிறவர்களில் கண்ணமங்கலம் வரைக்கும் அவருக்குத்தான் கிராக்கி. குரு யார் என்று கேட்டால், கொஞ்சமும் கூச்சப்படாமல் டேப் ரெக்கார்டர் என்பார்.

மூன்றே மூன்று கேசட். முதலாவது, யாரோ ஒரு வேலூர்க்காரர் பாடிய அம்மன் வர்ணிப்பு. அடியின் கடைசிச் சொல்லை மூச்சு தீரும்வரை இழுப்பது அதிலிருந்து வந்தது. இரண்டாவது உடுக்கைக் கதை. வேகமாக அடித்துக்கொண்டே வந்து சட்டென்று நிறுத்திவிட்டுச் சும்மா நிற்பதை அதில் பிடித்துக்கொண்டார். அந்த அமைதியில்தான் பாதிப் பேருக்குச் சாமி வரும். மூன்றாவதில் பாடிய அம்மாளின் பெயர்கூட உறையில் இல்லை. 'தாயே' என்று கூப்பிடும் இடத்தில் குரல் உடைந்து விம்முவாள். ஒரு வருஷம் ரீவைண்ட் செய்து செய்து அந்த விம்மலை எழிலரசன் தன் தொண்டைக்குள் இறக்கிக்கொண்டார்.

"கேசட்டு தேஞ்சே பூடும். எனக்கே அழுவ வந்துகினு இருக்குது, நிறுத்துங்க" என்பாள் அவர் மனைவி துர்கா.

அந்த விம்மலுக்குத்தான் ஊர் ஊராகக் கூப்பிட்டார்கள். ஒன்றுக்கும் அசையாத ஆட்கள்கூட அந்த இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் துர்கா கிட்னி போய், வேலூரில் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். வீட்டில் கிடத்தியபோது எழிலரசன் தலைமாட்டில் உட்கார்ந்து அழ வாயைத் திறந்தார். வந்தது கேசட் விம்மல். அளவுகூடப் பிசகவில்லை. வாசலில் நின்ற ஒரு ஆள், "எழிலு கொரலே கொரலுய்யா" என்றான். நானும் அங்கேதான் நின்றேன். அவனை அறையாமல் விட்டோமே என்ற எரிச்சல் எனக்கு இன்னும் போகவில்லை.

எழிலரசன் வாயை மூடிக்கொண்டார். அதற்கப்புறம் அவர் அழவே இல்லை. மில்லுக்குப் போனார். மற்ற வீடுகளில் பாடினார், அங்கே விம்மவும் செய்தார். தட்டில் வைத்ததைச் சாப்பிட்டார். "மரத்துப்போச்சி சார். உள்ள யாருமே இல்லாத மாதிரி இருக்குது" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார்.

இந்தத் தை மாதம் மகள் காவ்யாவுக்குக் கல்யாணம். எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு முன்னால், அந்த வீட்டில் இறந்துபோன சுமங்கலியைப் பூவாடைக்காரியாக ஏரிக்கரையில் கூப்பிடுவார்கள். அவள் யார் மேலாவது வந்து சம்மதம் சொல்ல வேண்டும். வராவிட்டால் கல்யாணமே குறையோடு தொடங்கியதாகிவிடும். கூட உடுக்கை அடிக்கும் பலராமன் பாடுவதாகச் சொன்னார். காவ்யா ஒத்துக்கொள்ளவில்லை.

"அப்பா கூப்ட்டாதான் அம்மா வரும்" என்றாள்.

காலையிலேயே ஏரிக்கரையில் கூடினோம். புதுப் புடவை, பூ, படையல் எல்லாம் தயார். காவ்யா பூச்சுற்றிய செம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எழிலரசன் பாட ஆரம்பித்தார். இழுக்க வேண்டிய இடத்தில் இழுத்தார், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினார். 'தாயே' வந்தபோது விம்மல் இல்லை. வெறும் சொல்லாகத் தாண்டிப் போய்விட்டார்.

பலராமன் காதருகில் குனிந்தார். "அண்ணே, அந்த எடத்த வுட்டுட்டீங்க."

"வாணாம்டா. அவளுக்கு அது வாணாம்."

மூன்று தடவை பாடியாகிவிட்டது. யாருக்கும் ஒன்றும் வரவில்லை. வெயில் ஏறியது, சம்பந்தி வீட்டார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எழிலரசன் பம்பைக் குச்சியைக் கீழே வைத்தார். அடுப்படியில் இருப்பவளைக் கூப்பிடுவது போல, "துர்கா, வா" என்றார்.

காவ்யாவின் கையில் செம்பு ஆட ஆரம்பித்தது. தலைமுடி அவிழ்ந்தது. பலராமன் பாய்ந்து செம்பை வாங்கிக்கொண்டார்.

"வந்திருக்கிறது யாரு தாயி?" எழிலரசன் எல்லா வீட்டிலும் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

"துர்கா."

"பொண்ணு கல்யாணத்துக்குச் சம்மதமா?"

"சம்மதம்."

அவ்வளவுதான் வேலை. உள்ளங்கையில் கற்பூரத்தை ஏற்றி, 'மலையேறு தாயி' என்று பாடி அனுப்பிவிட வேண்டும். மற்ற வீடுகளில், போதும் போதும் என்று ஜல்தியாக அனுப்பிவைக்கிற மனுஷன். இங்கே கற்பூரத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"கொறை எதுனா இருக்குதா?"

"இல்ல."

"எம்மேல?"

காவ்யாவின் ஆட்டம் வேகமெடுத்தது. "அண்ணே, பொண்ணு தாங்காது. அனுப்புங்க" என்றார் பலராமன். எழிலரசன் அவர் பக்கம் திரும்பவே இல்லை. தாயி என்பதும் போய்விட்டது.

"அன்னிக்கு நான் டீ குடிக்கக் கீழ எறங்கிப் போனேன். வர்றதுக்குள்ள பூட்ட. அந்த நேரம் என்னியத் தேடினியா?"

இரண்டு வருஷமாக அவர் யாரிடமும் கேட்காத கேள்வி அது. அன்றைக்கு வார்டில் துர்கா பக்கத்தில் இருந்தவள் காவ்யாதான். கரையில் நின்ற எங்கள் எல்லாருக்கும் அது தெரியும்.

காவ்யா ஆட்டம் நின்று அவரையே பார்த்தாள்.

"தேடினேன்."

எழிலரசன் தலையை ஆட்டினார். கற்பூரத்தை அவள் கையில் வைத்து ஏற்ற நாலைந்து தீக்குச்சி வீணானது. "சரி, போய்ட்டு வா" என்றார். பாட்டாக இல்லை, பஸ் ஏற்றிவிடும்போது சொல்கிற மாதிரிதான் சொன்னார். சொன்ன பிறகு முகம் கோணிக்கொண்டது, மூக்கு ஒழுகியது, தொண்டையிலிருந்து சத்தமே வரவில்லை.