மலையில்லாத கிரேக்கம்

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்களே ஆகியிருந்தன. லண்டன் டூட்டிங்கில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு மாதமாகக் கிரேக்க நாடு கிடந்தது. பத்து வயது மகள் பள்ளிக்கூடத்துக்குச் செய்தது. ஊறவைத்த பேப்பர்க் கூழில் மலைகள், நீலச் சாயத்தில் கடல். நாங்கள் மடியில் தட்டை வைத்துச் சாப்பிட்டோம். பழைய காலத்தில் அந்த மலைகளைத் தாண்டுவது கஷ்டம் என்பதால் பள்ளத்தாக்குக்கு ஒரு நகரம் தனி நாடாகிவிட்டதாம். ஒரே பேச்சு, ஒரே சாமிகள், ஆனால் ஊருக்கொரு சட்டம், ஊருக்கொரு படை.

மகளுக்கு அது வேடிக்கையாக இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாழ்ப்பாணத்தில் ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவே என்ன மலை இருக்கிறது? ஒரு ஒழுங்கைப் பாதை, நாலு பனை. லண்டனில் அதுவும் இல்லை, ஒரே கடையில் ஒரே முருங்கைக்காய்க்கு அடிபடுகிறோம். ஆனாலும் ஊருக்கொரு சங்கம், சங்கத்துக்கொரு கொடி, கோடையில் ஒரு விளையாட்டுப் போட்டி.

அந்தக் கோடையில் என் ஊர்ச் சங்கப் போட்டியில் நூறு மீட்டர் ஓட மகள் ஆசைப்பட்டாள். பூங்காவில் மழையிலும் ஓடிப் பழகினாள். போட்டியன்று கோட்டில் போய் நின்றவளைச் சங்கச் செயலாளர் கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்து என்னிடம் விட்டார்.

"தங்கச்சி, குறை நினையாதேங்கோ. தகப்பன்ர ஊர்தான் பிள்ளையின்ர ஊர். உங்கட அவர் மலேசியா எல்லே?"

"அப்ப ஓடுறதுக்கு இவள் மலேசியாவுக்கே போறது? நான் இந்த ஊர்ப் பிள்ளை இல்லையோ அண்ணை?"

"நீங்கள் ஓம். பிள்ளையைச் சேர்க்க ஏலாது. விதி அப்பிடி."

விதியாம், மண்ணாங்கட்டி. விடியுமுன் எழும்பி அத்தனை பேருக்கும் கத்தரிக்காய்க் குழம்பு வைத்தவள் நான். அதை அள்ளிப் போட்டபோது எவருக்கும் விதி ஞாபகம் வரவில்லை.

"ஏதென்ஸிலும் இப்படித்தான் அம்மா," என்று மகள் ஆங்கிலத்தில் சொன்னாள். அங்கே ஒரு காலத்தில் தாயும் தகப்பனும் அந்த ஊராய் இருந்தால்தான் பிள்ளை குடிமகனாம். மற்றவர்கள் இருக்கலாம், வேலை செய்யலாம், சண்டைக்கும் போகவேண்டும், ஆனால் ஊரில் சேர்த்தி இல்லை. பாடம் ஒப்புவிப்பதுபோல் குரல் நடுங்காமல் சொன்னாள். அந்தக் காலத்து அநியாயத்தை எங்கள் ஆட்கள் பிளேன் ஏற்றி இங்கே கொண்டுவந்து இறக்கியிருக்கிறார்களே.

பின்னேரம் செயலாளர் திரும்பி வந்தார். இந்த முறை என் கணவரிடம்.

"மச்சான், கூடாரம் கழட்ட ஆக்கள் காணாது. ஒருக்கா கை தாங்கோவன்."

மச்சானாம். காலையில் மலேசியாக்காரன், பின்னேரம் மச்சான். என் கணவர் நல்ல மனிதர், அதுதான் அவருடைய வியாதி. சட்டைக் கையை மடித்துக்கொண்டு எழுந்தார்.

மகள் அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "போகாதீங்க அப்பா. நாங்க இந்த ஊர் இல்லை."

அவர் செயலாளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு புல்லில் அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் அவள் அழத் தொடங்கினாள்.