இரண்டு கீறல் வெளிச்சம்

கண்டி நகரில் இன்று என் பெயரில் மூன்று விளக்குக் கடைகள் ஓடுகின்றன. ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவள் நான். பட்டம் வாங்கிய பிள்ளைகள் என்னிடம் கைகட்டிச் சம்பளம் வாங்குகிறார்கள். வெளிச்சத்தின் குணம் எனக்குப் பத்து வயதிலேயே தெரியும் என்று அவர்களிடம் சொல்வேன். எப்படித் தெரியும் என்பதைச் சொல்வதில்லை.

மாமா, அம்மாவின் தம்பி, பேராதனையில் கெம்பஸ் என்று எல்லோரும் சொல்லும் பல்கலைக்கழகத்தின் ஆய்வுகூடத்தைக் கூட்டித் துடைக்கும் வேலையில் இருந்தார். சாவிக்கொத்து இடுப்பில் தொங்கியதால் தானும் பாதிப் பேராசிரியர் என்ற நினைப்பு அவருக்கு. ஒரு சனிக்கிழமை காலை என்னைக் கூட்டிப்போய், ஜன்னல்களை அடைத்து வித்தை காட்டினார். ஊசிபோல ஒரு சிவப்பு வெளிச்சம், இரண்டு மெல்லிய கீறல்கள் போட்ட தகட்டில் பட்டது. எதிர்ச் சுவரில் இரண்டு கோடுகள்தான் விழும் என்று பார்த்தால், வரிவரியாக எத்தனையோ கோடுகள்.

"ஒரே வெளிச்சம் ரெண்டு வழியாவும் போகுது. அதான் இந்த வரி" என்றார். பிறகு கீறல் ஒவ்வொன்றின் மேலும், வெளிச்சத்தை ஒரு வாட்டத்தில் மட்டும் விடும் கறுப்புக் கண்ணாடித் துண்டு ஒன்றை வேறு வேறு பக்கம் திருப்பி வைத்தார். "இப்ப எந்த வழியா வருதுன்னு அடையாளம் போட்டாச்சு. பாரு."

வரிகள் மறைந்து வெறும் சிவப்புத் திட்டு மட்டும் நின்றது.

"ஏன் மாமா?"

"கேக்காத வரைக்கும் ரெண்டு வழியும் அதுக்குச் சொந்தம். கேட்டுட்டா ஒன்னுதான். பெரிய பெரிய ஆளுங்களே தலையச் சொறியிறாங்க, நீ வேற."

திரும்பும்போது சந்தியில் பஸ்ஸுக்கு நின்றோம். கொழும்பு வழியை விட்டு, கம்பளை ஊருக்குப் போகும் பஸ் ஒன்று மெதுவாக வளைந்தது. ஜன்னலோரம் அப்பா. துணிக்கடைக்குச் சரக்கெடுக்கக் கொழும்புக்குப் போகிறேன் என்று சனிக்கிழமைதோறும் புறப்படுகிறவர். மடியில் ஒரு பொம்மை இருந்தது.

"கடலை வேணுமா?" என்று மாமா என் முகத்தை மறுபக்கம் திருப்பினார்.

ஞாயிறு சாயங்காலம் அப்பா வந்து சாப்பிட உட்கார்ந்தார். எனக்குப் புதுப் படிப்பு வாயில் நிற்கவில்லை.

"அப்பா, நீங்க கொழும்புக்குப் போனீங்களா, கம்பளைக்கா?"

அம்மாவின் கரண்டி நின்றது. "சோத்துக்கு முன்னால என்னடி பேச்சு? அவரு சாப்பிடட்டும்."

"ரெண்டுல ஒன்னு சொல்லணும். நான் பஸ்ஸப் பாத்தேன்."

அப்பா என்னைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தார். அம்மா ரசத்தைப் பார்த்தாள். தட்டிலேயே கையைக் கழுவினார்.

"கம்பளைக்குத்தான்" என்றார்.

அடுத்த சனிக்கிழமை சவரக் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு போனவர், திரும்பி வரவில்லை. அங்கே அவருக்கு இன்னொரு வீடும், என்னைவிடச் சின்னதாக ஒரு மகளும் இருந்ததைத் தெருவே பேசியது. என் பள்ளிக்கூடம் அந்த வருஷத்தோடு நின்றது. பல்ப் கடை ஒன்றில் தூசி தட்டப் போனேன்.

மாமாவிடம் அம்மா சொன்னது கதவுக்குப் பின்னால் எனக்குக் கேட்டது. "ஏழு வருஷமா எனக்குத் தெரியும்டா. ஒருநாளாவது கேட்டிருப்பேனா?"

அதன்பிறகு பல மாதம் அம்மா எனக்குச் சோறு போட்டாள், தலை வாரிவிட்டாள், முகத்தை மட்டும் பார்க்கவில்லை. அப்பாமேல் அத்தனை கோபம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.